பதினைந்து வயதுக்கு நூலகத்தில் ஒரு வேலை

கோடை விடுமுறையில் எந்தப் பொது நூலகத்துக்குள் நுழைந்தாலும் சிறுவர் பகுதி களைகட்டியிருக்கும். கதை சொல்வார்கள், முகமூடி செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள், படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள். இன்னொரு பக்கம் நாளிதழ் மேசையைச் சுற்றிப் பெரியவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள ஒரு கூட்டம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. முகமூடி செய்யும் வயதை அவர்கள் தாண்டிவிட்டார்கள். நாளிதழ் மேசையில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் எல்லாத் தலைகளும் நிமிர்ந்து முறைக்கும். அவர்களுக்கென்று ஒதுக்கிய அலமாரியில் பெரும்பாலும் தேர்வு வழிகாட்டிகள்தான் இருக்கும்.

பல கோடைகளாக இந்த வயதுப் பிள்ளைகளோடு நூலகங்களில் தன்னார்வலராக வேலை செய்துவருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. இவர்களுக்கு நிகழ்ச்சிகளை நடத்திக் காட்டுவதைவிட, நூலகத்தின் உண்மையான வேலையில் ஒரு பங்கைக் கொடுப்பதே நல்லது. கோடை வாசிப்பு என்பதை இலக்குப் பட்டியலாகவும் பரிசுப் போட்டியாகவும் நடத்தினால் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள் மேலும் படிப்பார்கள், மற்றவர்கள் வாசல் பக்கம்கூட வர மாட்டார்கள். ஒரு சாவியைக் கையில் கொடுத்து, "இந்த அடுக்கு இனி உன் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்ற கவலைதான் கோடைத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கற்றலை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. கோடையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு மற்றப் பொது நிறுவனங்களைக் காட்டிலும் பொது நூலகமே அதிகம் துணை நிற்கிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. விடுமுறை இழப்பு எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள், அளந்த முறையையே கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். மதிப்பெண் குறையுமோ என்ற பயத்தை மட்டும் வைத்துப் பதினைந்து வயதுப் பிள்ளையை நூலகத்துக்கு இழுத்துவர முடியாது என்பதே என் அனுபவம். ஆண்டு முழுவதும் கேட்ட பேச்சு அது. விடுமுறையிலும் அதையே கேட்டால் காது மூடிக்கொள்கிறது.

ரிச்சர்ட் அல்லிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, ஒவ்வொரு கோடையும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் கோடை முடிந்தபோது அவர்களுடைய வாசிப்புத் திறன், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது. அவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் தானே தேர்ந்தெடுப்பது ஆறு வயதிலேயே இவ்வளவு வேலை செய்கிறதென்றால், எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கும் பதினாறு வயதில் அதன் பலத்தைச் சொல்லவே வேண்டாம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகத்துறையின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்கிறது. இரண்டிலும் 'வாசகருக்கு நாம் நல்லது என்று நினைக்கும் நூல்' என்ற பேச்சே இல்லை. காமிக்ஸ் எடுத்துவரும் பையனிடம் "இதையெல்லாம் வைத்துவிட்டு நல்ல புத்தகம் எடு" என்று முகப்பு மேசையிலேயே சொல்லும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். படமும் சொல்லும் சேர்ந்து நகரும் பக்கத்தைப் படிப்பது எளிதான வேலை இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை வாசகர்தான் நிரப்ப வேண்டும். ஆடியோ புத்தகமும் அப்படித்தான். எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளை, தன் வயதுக்கேற்ற கதையைக் காதால் கேட்டு அனுபவிக்கும்போது, அவன் அறிவுக்கும் அவன் படிக்கும் வேகத்துக்கும் நடுவில் இருந்த சுவர் இறங்கிவிடுகிறது. அதே புத்தகத்தின் அச்சுப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

இனி அந்த வேலைகளைப் பற்றிச் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, திரும்பி வந்த நூல்களை அடுக்கும் வேலை. பார்க்கச் சலிப்பூட்டும் வேலை போலத் தோன்றும். ஆனால் டியூயி பகுப்பு முறையை ஒரு பிள்ளைக்கு உட்காரவைத்து விளக்கினால் அரை மணி நேரத்தில் தூங்கிவிடும். ஒரு தள்ளுவண்டி நிறையப் புத்தகங்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் ஒரே மதியத்தில் புரிந்துவிடும். மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட அந்த முறை, உலகத்து அறிவை எல்லாம் பத்துப் பெரும்பிரிவுகளாகப் பிரித்து எண் கொடுக்கிறது. 520இல் வானியல். 796இல் விளையாட்டு. 398.2இல் நாட்டுப்புறக் கதைகள். 741.5இல் காமிக்ஸ், அதாவது கலைகளின் வீதியிலேயே, ஓவியத்துக்குப் பக்கத்து வீடு. பறக்கும் தட்டு, கடல் பூதம் என்று விடை தெரியாத மர்மங்கள் எல்லாம் 001.9இல், நூலகத்தின் முதல் அலமாரியின் தொடக்கத்திலேயே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை அடுக்குவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவான். உட்காரட்டும் என்று விட்டுவிடுவேன். அடுக்குகிற வேலையின் நோக்கமே பாதி அதுதான்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தனக்கு வேண்டியது எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடுவது அந்த வயதில் சாதாரண விஷயம் இல்லை. யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. தன் உடலைப் பற்றி, மனச்சோர்வைப் பற்றி, வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி, மதத்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும், அதை எந்தப் பெரியவரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. 155.5 வளரிளம் பருவ உளவியல், 616.8இன் கீழ் மனநோய் மருத்துவம், 306.8 குடும்பம், திருமணம். எண் தெரிந்த பிள்ளை தானே நடந்துபோய் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கிழிந்த நூல்களைச் சரிசெய்வது. பொது நூலகப் புத்தகங்கள் கோடையில்தான் அதிகம் அடிபடும். அதனால் ஒரு மேசையில் மெல்லிய தூரிகைகள், வெள்ளைப் பசை, மெழுகுத்தாள், தாளை மடித்து அழுத்த உதவும் எலும்பு மடிப்பான், சில கனமான பலகைகள் எல்லாவற்றையும் வைத்து, இரண்டிரண்டு பேராக உட்காரச் சொல்வேன். முதல் பாடம் செலோ டேப்பைத் தொடக்கூடாது என்பது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிளாஸ்டிக் தனியே உதிர்ந்துவிடும், கறை மட்டும் என்றைக்கும் போகாது. பழைய டேப் ஒட்டிய ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தாயின் வற்புறுத்தலால் வந்த ஒரு பையன். வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒட்டாமல், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். புத்தகம் படிக்கப் பிடிக்காது என்பதை மரியாதையாகவே சொன்னான். படிக்க வேண்டாம், ஒட்டிக் கொடு என்றேன். ஆழ்கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு நூல், ஒரு தாள் முழுதாகக் கழன்று கிடந்தது. அந்தத் தாளின் உள்விளிம்பில் 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மேலே ஒரு வேண்டாத தாளை வைத்து மறைத்து, அந்த மெல்லிய கரையில் மட்டும் பசை தடவ வேண்டும். அதிகமானால் பக்கத்துத் தாளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மறைத்த தாளை எடுத்துவிட்டு, கழன்ற தாளைப் புத்தகத்தின் மடிப்புக்குள் ஆழமாக இறக்கி, மேல் ஓரமும் கீழ் ஓரமும் மற்றத் தாள்களோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே பாரம் ஏற்றிவிட்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும்.

அவன் கைகள் நிதானமானவை. நான் சொல்லிக்கொடுத்ததைவிட நேர்த்தியாகச் செய்தான். ஆனால் ஒட்டுவதற்கு முன்பு, தாள் சரியான இடத்தில்தான் போகிறதா என்று பார்க்க வேண்டுமே! பக்க எண் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. முந்தைய பக்கத்தின் கடைசி வரியும் இந்தத் தாளின் முதல் வரியும் சேருகிறதா என்று படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்தான். இன்னும் கொஞ்சம் படித்தான். பிறகு தலையைத் தூக்கி, "மேடம், ஆண் மீன் பெண் மீனின் உடம்போடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் அதன் உடம்பாகவே ஆகிவிடும் என்று போட்டிருக்கிறது. இது உண்மையா?" என்று கேட்டான். தூண்டில் மீன்களில் (ஆங்லர்ஃபிஷ்) சில இனங்கள் அப்படித்தான், ஆணின் இரத்த ஓட்டமே பெண்ணினுடையதோடு கலந்துவிடும் என்றேன். நம்பாமல் பார்த்தான். "வேறு புத்தகத்திலும் இதுவே இருக்கிறதா என்று பார்" என்று 597ஆம் எண் அலமாரியைக் காட்டினேன். மீன்கள் இருக்கும் இடம். பசை காயும் நேரத்தில் நான்கு புத்தகங்களோடு திரும்பி வந்தான், அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் கண்டுபிடித்திருந்தான். எது பழைய பதிப்பு என்று பதிப்பாண்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நூலகம் ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தரக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் வேலை. பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் கோடை வாசிப்புச் சவால், நான்கிலிருந்து பதினொரு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கானது. விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு புத்தகங்களைப் படிக்கச் சொல்கிறது. அதில் என்னைக் கவர்ந்தது, குழந்தைகளைப் பதிவு செய்வதும் அவர்கள் படித்த கதையைப் பற்றிப் பேச்சுக்கொடுத்துக் கேட்பதுமான பணியில் பதின்ம வயதுத் தன்னார்வலர்கள் பெருமளவில் ஈடுபடுவதுதான். கேட்பது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு வயதுக் குழந்தை ஒரு கதையைத் தன் போக்கில் சொல்லி முடிக்க நேரமாகும். நடுவில் தன் பூனையைப் பற்றிச் சொல்லும், கதைக்குத் திரும்பும், வில்லனை இரண்டு முறை கொல்லும். அதைப் பொறுமையாகக் கேட்டு, சரியான இடத்தில் "பிறகு என்ன ஆனது?" என்று கேட்கும் பதினான்கு வயதுப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லை என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். அந்தக் குழந்தை அடுத்த வாரம் வாசலிலேயே "அக்கா எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தது. தன்னைத் தேடி ஒருவர் வருவது அந்த வயதில் எவ்வளவு பெரிய ஊக்கம் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

இன்னொன்று, தயக்கம் உள்ள பிள்ளை எளிய புத்தகத்தைக் கூச்சமில்லாமல் படிக்க இது ஒரு வழி. பதினாறு வயதில் படம் போட்ட கதையைக் கையில் எடுத்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள். குழந்தைக்கு வாசித்துக்காட்டப் பயிற்சி எடுக்கிறேன் என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இடம் பற்றியும் பேச வேண்டும். ஸ்டாக்ஹோமின் குல்டூர்ஹூசெட் கலாச்சார மையத்தில் 2011இல் தொடங்கிய டியோட்ரெட்டன் நூலகம், பத்திலிருந்து பதின்மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கு மட்டும். பெற்றோர் உள்ளே வர முடியாது. ஓஸ்லோவில் 2016இல் திறந்த பிப்லோ டோயன் நூலகம் பத்திலிருந்து பதினைந்து வயதினருக்கானது. அங்கேயும் பணியாளர்களைத் தவிரப் பெரியவர்களுக்கு இடமில்லை. ஒரு பழைய லாரியையே சமையலறையாக மாற்றி உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். சிகாகோவின் மைய நூலகத்தில் 2009இல் யூமீடியா என்ற பகுதியைத் திறந்து, ஒலிப்பதிவு, வீடியோ, வடிவமைப்புக் கருவிகளைப் பதின்ம வயதினர் கையில் கொடுத்தார்கள், பக்கத்தில் வழிகாட்டிகளையும் உட்காரவைத்தார்கள். 2018இல் ஹெல்சின்கியில் திறந்த ஊடி நூலகத்தில் தையல் எந்திரமும் முப்பரிமாண அச்சுப்பொறியும் எல்லோருக்கும் உண்டு.

இவற்றைப் படித்துவிட்டு, இவ்வளவு பணம் எங்கே இருக்கிறது என்று சோர்ந்துபோகும் நூலகர்கள் இருக்கிறார்கள். பணம் வேண்டியதுதான். ஆனால் இந்த இடங்களில் உயிராக இருப்பது கருவிகள் இல்லை, "இது உங்கள் இடம், இங்கே பேசலாம்" என்ற அனுமதி. ஒரு மூலை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய ஒரு மின்இணைப்பு, மற்ற வாசகர்களுக்குத் தொந்தரவில்லாத தூரம். இவை போதும், தொடங்கிவிடலாம். இடமே இல்லையென்றாலும் வழி உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பதின்ம வயதினருக்கான நூலகப் பணியை வளர்த்தெடுத்த மார்கரெட் எட்வர்ட்ஸ், 1940களின் கோடைகளில் ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளே காலை 8.30க்கு முன்பு தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. விடுமுறையில் காலையிலேயே நிகழ்ச்சி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மாலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

வர விரும்பும் பிள்ளையையும் விரட்டுவது அபராதம். எங்கோ தொலைந்த ஒரு புத்தகம், ஏறிக்கொண்டே போகும் அபராதத் தொகை, முடக்கப்பட்ட உறுப்பினர் அட்டை. வீட்டில் சொன்னால் திட்டு விழும், அதனால் நூலகத்தையே தவிர்த்துவிடுகிறார்கள். அபராதம் கட்ட முடியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத்தான் இலவசப் புத்தகம் மிகவும் தேவை. சிகாகோ பொது நூலகம் 2019இலும் நியூயார்க் பொது நூலகம் 2021இலும் தாமதக் கட்டணத்தையே நீக்கிவிட்டன. அப்படி முழுவதும் நீக்க முடியாத நூலகங்கள், கோடைத் தொடக்கத்தில் மட்டுமாவது பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிய அட்டை கொடுக்கலாம். தொகைக்குப் பதிலாக நூல் ஒட்டும் மேசையில் வேலை செய்யச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மேசை தண்டனை இடமாக மாறக்கூடாது.

வாய்ப்புகள் என்று பார்த்தால், பதினாறு வயதில் முதல் வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது, "என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகளே அதிகம். ஒரு கோடை முழுவதும் அலமாரியைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு எழுத நிறைய இருக்கிறது. நூலகர் அதைச் சான்றிதழாகக் கொடுக்கும்போது "சிறப்பாகப் பங்கேற்றார்" என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பொறுப்பு, எந்தக் காலம், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் நூலகத்திலேயே ஒரு மாலை ஒதுக்கலாம். ஊரின் முதியவர்களைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்து நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் சேர்க்கும் வேலையும் இந்த வயதினர் மிக நன்றாகச் செய்வார்கள். பேட்டி எடுப்பதற்கு முன்பு அந்தக் காலத்து நாளிதழ்களைப் புரட்டச் சொன்னால், கேள்விகளின் தரமே மாறிவிடும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை நூலகத்திலிருந்து திரும்பியதும் எத்தனை பக்கம் படித்தாய் என்று கேட்காதீர்கள். என்ன எடுத்தாய் என்றுகூட முதல் கேள்வியாக வேண்டாம். யாரைப் பார்த்தாய், என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். புத்தகத்தைப் பற்றிய பேச்சு அதிலிருந்து தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, நூலகர்கள் கொடுக்கத் தயங்கும் ஒரு பொறுப்பைப் பற்றி. நூல்கள் வாங்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பதின்ம வயதினர் குழு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். ஆலோசனை கேட்டுவிட்டு நாமே முடிவு செய்வதை நான் சொல்லவில்லை, முடிவையே அவர்களிடம் விடுவதைச் சொல்கிறேன். தொகை எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மதிப்புரைகளைப் படிப்பார்கள், நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலில் தேடுவார்கள், ஒரு தடித்த புத்தகத்தை விட்டால் மூன்று மெலிந்த புத்தகங்கள் வாங்கலாமே என்று கணக்குப் போடுவார்கள், சண்டையும் போடுவார்கள். நான் பார்த்த ஒரு குழுவில், வானியல் நூல் வேண்டும் என்ற பெண்ணும் கால்பந்து வீரரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்ற பையனும் மற்றவர்கள் முன்னால் தங்கள் நூலுக்காக வாதாடினார்கள். பள்ளியில் எந்தப் பேச்சுப் போட்டியிலும் அவ்வளவு தயாரிப்போடு யாரும் பேசி நான் கேட்டதில்லை. நூல்கள் வந்துசேர்ந்ததும் பதிவேட்டில் ஏற்றுவதும், முத்திரை குத்துவதும், முதுகில் எண் ஒட்டுவதும் அவர்களே. பட்டியலில் ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் கேட்டிருந்தால் நூலகர் அதை வெட்டிவிட வேண்டாம். இந்த வயதினருக்கு ஒரு புத்தகத்தைத் தோழிகளோடு ஒரே நேரத்தில் படித்து, அடுத்த நாளே அதைப் பற்றிப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பிரதியை ஒருவர் முடித்து அடுத்தவரிடம் கொடுப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.